வாங்கிக்கொள்ளும் கை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ தீவுக்குப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பற்றி விவரமாக எழுது. "நல்லா இருக்கேன்" என்று ஒற்றை வரியில் முடிக்காதே. படகில் வாந்தி எடுத்தாயா? எடுத்திருப்பாய். சின்ன வயதில் பஸ்ஸிலேயே எடுப்பாய். அப்பா அம்மா போன பிறகு உன் தலையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு ஊர் ஊராக வந்தவள் நான்தானே.

வானிலை நிலையத்தில் எந்திரம் பழுதுபார்க்கும் வேலை உனக்குப் பொருத்தமானது. இதையாவது பாதியில் விட்டுவிட்டு வராதே. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி, போட்டோ ஸ்டூடியோ என்று நீ தொடங்கிய ஒவ்வொன்றையும் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும் நான்தான்.

என் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நன்றாக நடக்கிறது. இந்த மாதம் ஒரு நீதிபதி சேர்ந்திருக்கிறார். கிளச்சிலிருந்து காலைப் பட்டென்று எடுத்து வண்டியைக் குதிரை மாதிரி துள்ள வைக்கிறார். "ஐயா, இது உங்க கோர்ட் இல்ல. இங்க தீர்ப்பு என்னோடது" என்றேன். பாவம், சிரித்துவிட்டார்.

வாரத்தில் மூன்று நாள் மட்டும் காலை வகுப்புகளை நிறுத்தியிருக்கிறேன். ஒரு கோர்ஸ் சேர்ந்திருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை. பழைய செருப்பெல்லாம் இறுக்குகிறது. வயதாக ஆகப் பாதமும் வளரும் போலிருக்கிறது!

உன் அத்தான் விசாரித்தார். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே காற்று, உப்பு, நான் மூவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா?

வாந்தி எடுத்தேன். உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

தினமும் ஒரு பெரிய பலூனில் கருவியைக் கட்டி வானத்தில் விடுகிறோம். அது மேலே போய் வெடிக்கும்வரை அனுப்பும் கணக்கை எல்லாம் எழுதிவைக்க வேண்டும். நிலையத் தலைவர், சமையற்காரர், ரேடியோக்காரர், நான். அவ்வளவுதான் இந்த ஊரின் மக்கள்தொகை. அவசரத்துக்கு நிலையத்தில் ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் தபால் படகுதான். கடல் மனது வைத்தால் வரும்.

அது சரி, என்ன கோர்ஸ்? நீ மாணவியா? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டாக்ஸியில்கூடப் பின்னால் உட்கார மாட்டாய். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவாய். உனக்குப் பாடம் எடுக்கும் அந்த அப்பாவி யார்? எந்தப் பாடம்? கட்டாயம் எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். சந்தோஷம். எழுத்து கோணலாக இருந்தால் கவலைப்படாதே, பேனா சரியில்லை.

இதோடு இரண்டு ஜோடி காலுறை அனுப்பியிருக்கிறேன். ஈரக் காலுறையோடு திரியாதே. நீதிபதி பாஸாகிவிட்டார்.

வெயில் அதிகம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அலுப்பு. நீ நிறையத் தண்ணீர் குடி.

உன் அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

நலம் விசாரிக்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் அதிகம் என்று தண்ணீரைக் குறைப்பவர்களை நான் பார்த்ததில்லை. கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, நிலையத் தலைவரிடம் கெஞ்சி வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். "கோர்ஸ் எப்படிப் போகுது அத்தான்?" என்றேன். அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நாலு மணி நேரம் படுக்கவெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்கப்பா. வாரம் மூணு தடவை. நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்றார். சொல்லிவிட்டேன். மன்னித்துவிடச் சொல்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாமே? டிசம்பரிலேயே தெரியுமாமே? என்னை வழியனுப்பப் படகுத்துறைக்கு வந்தபோதே உனக்குத் தெரியும். ஊசி குத்திய கையை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். என்ன ஸ்டைல் என்று நான் கேலி வேறு செய்தேன்.

போகட்டும். அழ வேண்டாம். நான் இருக்கிறேன். என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன். முடிவு செய்துவிட்டேன், இதில் பேச ஒன்றும் இல்லை. சமையற்காரரிடம் சொன்னேன், கட்டிப்பிடித்துக்கொண்டார். நிலையத் தலைவர் எல்லோர் முன்னாலும், "இந்த மாதிரி தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். மாலையில் கேக் வெட்டினோம்.

இதுவரை என்னைத் தூக்கிச் சுமந்தாய். இனி என் முறை. இனிமேல் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நான் கேட்பேன். நீ பதில் எழுதினால் போதும்.

உன்னைக் காப்பாற்றப்போகும்
தம்பி

*

மே 6

தம்பிக்கு,

நான் நலம். நலமாகவே இருப்பேன்.

என் உடம்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும் என்றால் நானே சொல்லியிருப்பேன். என்னைக் கேட்காமல் என் நோய்க்குக் கேக் வெட்டியிருக்கிறாய். ரொம்ப நல்லது.

உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம். மூக்கு ஒழுகினால் என் முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றவன் நீ. உன்னிடம் கை நீட்டும் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை. இந்த எந்திரத்தோடு எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். நான் வாழ மாட்டேனா? டிசம்பரிலேயே உன் அத்தானும் ஏதோ சொல்ல வந்தார். அவரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டேன். யாரும் எனக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

வேலையைப் பார். விடுப்புப் போடாதே.

அக்கா

*

மே 30

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நான் கொடுப்பது பிச்சையா? நீ எனக்குச் செய்ததையெல்லாம் எந்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? ஒவ்வொரு முறையும் கூசித்தான் வாங்கினேன். வேறு வழி இல்லை, வாங்கினேன். நீயும் ஒரு தடவை கூசிப் பாரேன்.

உன் சம்மதத்தைக் கேட்கவில்லை. அடுத்த படகில் கரைக்குப் போகிறேன். துறைமுகத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கான பரிசோதனையை முடித்துக்கொண்டுதான் அடுத்த வேலை. "பொருந்துகிறது" என்று சீட்டோடு வந்து நிற்பேன். அப்போது பார்க்கலாம் யார் வீம்பு ஜெயிக்கிறது என்று.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

தம்பி

*

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? கரையில்தான் இருப்பாய் என்று நினைத்து உன் அத்தான் விசாரித்து வாங்கிய துறைமுக விடுதி முகவரிக்கு எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு நேரம் இல்லாமை காரணம் இல்லை. உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். அதன் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என்னிடம் கற்றுக்கொள்கிறாள். பயந்த சுபாவம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் விரல் வெளுத்துப்போகும். கடைத்தெருவில் அவள் ஓட்டிக்கொண்டிருக்க, ஒரு கிழவர் சைக்கிளைத் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே விட்டார். என் பக்கத்து பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்களில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த நொடியில் பிடித்துக்கொண்டது. நான் கத்தக்கூட இல்லை. வண்டி நின்றது. அவள்தான் நிறுத்தினாள். கிழவர் எங்களைத் திட்டிக்கொண்டே போனார்.

"மேடம், பயப்படாதீங்க. நான் பாத்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

தம்பி, எனக்கு என்ன வந்தது தெரியுமா? நன்றி வரவில்லை. ஒரு மனிதர் பிழைத்தாரே என்ற நிம்மதிகூட முதலில் வரவில்லை. கோபம் வந்தது. "பாத்துக்கிட்டேன்னு சொல்ல நீ யாரு? இறங்கு" என்று கத்தினேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நடைபாதையில் நின்று அழுதாள். நான் காருக்குள் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். ஒரு கொலையிலிருந்து என்னைக் காப்பாற்றியவள் அழுகிறாள். காப்பாற்றியதுதான் அவள் செய்த குற்றம். எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு உடம்பு சரியில்லம்மா. கால் வரலை" என்றேன். டிசம்பரிலிருந்து இதை ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னும் மெதுவா ஓட்டியிருப்பேனே மேடம்" என்றாள். அன்றைக்கே வகுப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். உடம்பு தேறும்வரை வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நாளும் நான் உனக்காக வாழ்ந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் கொடுக்கும்போது கை மேலே இருக்கும், அந்த உயரம் எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் உண்மைதான். நீ கூசிக்கொண்டு வாங்கினாய் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும் தம்பி. பார்க்காத மாதிரி இருந்தேன்.

தா. வாங்கிக்கொள்கிறேன்.

இந்த ஒரு வரியை எழுத எத்தனை தாளைக் கிழித்தேன் என்று உன் அத்தானைக் கேள்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் உனக்குக் கொடுக்க முடியாது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறதாம். சிறுநீரகம் ஒன்றில் கல் வேறு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இதை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். "தா" என்று நீ எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். தீவுக்குத் திரும்பவும் தைரியம் இல்லை. கேக் வெட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தருகிறவர்களிடம் எல்லாம் பேசுவார்களாம். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கதான் கொடுத்தீங்கன்னு உங்க அக்காவுக்கோ வேற யாருக்குமோ கடைசிவரை தெரியாதுன்னா, அப்பவும் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன்" என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை அக்கா. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டாரோ இல்லையோ, நான் குறித்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் நான் பார்த்தது உன்னை இல்லை. "இவன்தான் அக்காவுக்கு உயிர் கொடுத்தவன்" என்று ஊர் என்னைக் காட்டுவதைத்தான் பார்த்தேன்.

நீ வாங்கச் சம்மதித்த நேரத்தில் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். என் வேலையில் பேச்சே கிடையாது. உன் அக்கா உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

டிசம்பரில் டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றே, அந்த அறையிலேயே, "நான் தரேன்" என்று சொன்னேன். உன் அக்கா, "நீங்க சும்மா இருங்க. ஊசியைப் பாத்தாலே மயங்கி விழற ஆளு" என்றாள். சும்மா இருந்தேன். பிறகு நீ தருகிறேன் என்றாய். அவள் வேண்டாம் என்றாள். உங்கள் இரண்டு பேர் சண்டையில் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே மறந்துபோய்விட்டது. அவள் கடிதங்களைப் பெட்டியில் போட்டதும், உன் கடிதங்களை வாசலில் வாங்கிக்கொடுத்ததும் நான்தான்.

எனக்கும் மனத்தாங்கல் உண்டு. மறுபடியும் அவளே என்னைக் கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. உங்கள் இருவருடைய வீம்பாவது சத்தம் போடுகிறது, என்னுடையது ஊமை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கடிதம் வந்த அன்று மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?" என்றாள். "முதல் நாளே சொன்னேனே" என்றேன். "அப்ப உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றாள். அதைத்தான் இத்தனை நாளும் கேட்கப் பயந்திருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனையில் மயங்கி விழுந்தது உண்மைதான். விழுந்த பிறகும் எடுத்துக்கொண்டார்கள். முதற்கட்டத்தில் பொருந்துகிறது. மீதிப் பரிசோதனைகளும் நல்லபடி முடிந்தால் செப்டம்பர் கடைசியில் ஆபரேஷன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்திருப்போம். வீட்டில் கஞ்சி வைக்க, துணி துவைக்க, பள்ளிக்கு வரும் போனை எடுக்க ஆள் இல்லை. வருவாயா? இதில் பெயர் எடுக்க ஒன்றும் இல்லை. வேலைதான் நிறைய.

அத்தான்

*

நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகமாகத் தீவு வந்து சேர்ந்தேன். வாந்தியும் எடுத்தேன். அத்தானுக்குத் தையல் போட்ட இடத்தில் இன்னும் சுரீர் என்கிறதா? அக்கா, மருந்து நேரத்துக்கு வைத்த அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்காதே.

அங்கே இருந்தபோது சொல்ல முடியாததை இங்கிருந்து எழுதுகிறேன். ஆபரேஷன் அன்று உங்கள் இருவரையும் அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் உங்கள் செருப்புகளைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வெளியே வந்து, "புதுசு உள்ளே போன உடனேயே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். செருப்புப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் அது யாருடையது என்ற நினைப்பே எனக்கு இல்லை. அந்த ஆலோசகர் அம்மாவைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆனால் அது அப்படியே நிலைத்துவிடவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெய்வம்" என்றார்கள். நான் தட்டில் தேநீரோடு நிற்பேன். ஒருத்தர் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார். உள்ளுக்குள் சுருக்கென்றது. 'வந்துட்டியா, வா' என்று பெயர் எடுக்கும் அந்த ஆசையிடம் சொல்லிக்கொண்டே சர்க்கரை எடுக்கப் போனேன். போய்விட்டு வருவதற்குள் அந்தச் சுருக்கு பாதியாகிவிட்டது.

அத்தான் ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன் அக்கா. மறுபடி மன்னித்துவிடச் சொல்.

இங்கே வந்ததும் சமையற்காரர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொன்னார். "தழும்பு இல்ல. அத்தான்தான் கொடுத்தார். நான் தரை தொடச்சேன்" என்றேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லா தொடைப்பியா?" என்று கேட்டுச் சமையலறையைக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தம்பி

*

டிசம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை நிஜமாகவே. பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டிச் சிரித்தார். டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கிறேன் தம்பி. குடித்துவிட்டு இன்னொன்றும் குடிக்கிறேன். இப்படி ஒரு ருசி அதற்கு இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வீம்பு என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைக்காதே. ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நடந்தது நான்தான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "நடக்கிறதுல பாதி என்னோடது" என்றார். அந்த வீம்பும் இல்லாவிட்டால் அந்த எந்திரத்தோடு அத்தனை மாதம் தாக்குப்பிடித்திருப்பேனா என்றும் தோன்றுகிறது. விரட்டப் பார்த்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், ஸ்டியரிங்கை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது.

டாக்டர் அனுமதி கொடுத்ததால் நேற்று முதல் தடவையாகத் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போனேன். கடைத்தெரு நடுவில், சிக்னல் பச்சை விழுந்த நேரத்தில், வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் பேச்சு மூச்சில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கூரை மேலே "ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி" என்று பலகை. பாதிக் கடைக்காரர்கள் என்னிடம் கற்றவர்கள். எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறார்கள். காது மடல் கொதித்தது. வழக்கமாக என்ன செய்வேன், உனக்குத் தெரியும். இறங்கி, யாரும் கிட்டே வராதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தனியாகவே தள்ளப் பார்ப்பேன்.

கண்ணாடியை இறக்கினேன். தலையை வெளியே நீட்டி, "யாராவது கொஞ்சம் தள்ளுங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஓடி வந்தார்கள் தம்பி. இத்தனை பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழக்கடைக்காரர், சலூன்காரர், யாரோ இரண்டு கல்லூரிப் பெண்கள். நான் இறங்கவில்லை. ஒரு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். போன மாதம் லைசென்ஸ் வாங்கிய ஒரு பொடியன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, ரொம்ப அக்கறையாக, "மேடம், கியரை நியூட்ரல்ல போட்டுக்குங்க" என்றான்.

போட்டுத்தான் இருந்தேன்.

"சரிப்பா" என்றேன்.

உன் அன்பு அக்கா